பன்னிரண்டு பேரை நீக்க மறுத்த கழகம்

வாஸ்கோடகாமா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிச் சமூக அறிவியல் புத்தகம்தான். 1498, கள்ளிக்கோட்டை, கடல்வழி என்று மனப்பாடம் செய்து எழுதிய ஒரு விடை. ரியோ டி ஜெனிரோவின் வடபகுதியில் அதே பெயரைச் சொன்னால், கறுப்புச் சட்டையின் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக இறங்கும் வெள்ளைப் பட்டையும் அதன்மேல் பொறித்த சிலுவையும்தான் கேட்பவர் கண்முன் வரும். பீரங்கிகளோடு மலையாளக் கரையில் வந்திறங்கிய மாலுமி ஒருவரின் பெயர், கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இடம் கொடுத்ததற்காகப் புகழ்பெற்ற பிரேசில் கால்பந்துக் கழகம் ஒன்றின் பெயராக நிலைத்திருப்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

அந்தப் புகழை, "பிரேசில் கால்பந்தில் நிறவெறியை எதிர்த்து நின்ற கழகம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால், கழகத்தின் ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரை நீக்கச் சொன்னவர்களும் எழுத்தில் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, நீக்க மறுத்த கழகமும் பேசவில்லை என்பது தெரியவரும். விதிமுறை, தொழில், கையெழுத்து, மைதானம் என்ற இவற்றைப் பற்றித்தான் இரு தரப்பும் வாதிட்டன. வேண்டாதவர்களை வாசலிலேயே நிறுத்துவதற்கு ஒரு சமூகம் எந்தெந்தச் சொற்களைத் தேடி எடுக்கிறது என்பதை அறிய விரும்புபவருக்கு, வாஸ்கோ கழகத்தின் வரலாற்றில் 1923 முதல் 1927 வரையிலான ஆண்டுகள் போதும். அதனால் இக்கட்டுரையும் அந்த ஆண்டுகளிலேயே அதிகம் தங்குகிறது.

கழகம் தொடங்கப்பட்டது 1898 ஆகஸ்ட் 21 அன்று. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ரியோவில் குடியேறிய போர்த்துகீசிய வணிகர்களும் கடை ஊழியர்களும். வாஸ்கோடகாமாவின் இந்தியப் பயணத்துக்கு அது 400ஆவது ஆண்டு என்பதால் அந்தப் பெயர் வந்தது. கால்பந்தைப் பற்றி அப்போது அவர்கள் நினைக்கவே இல்லை. துடுப்புப் படகுப் போட்டிதான் அன்று ரியோவின் பெரிய விளையாட்டு. கரையில் கூட்டம் திரண்டு நின்று பார்க்கும் விளையாட்டும் அதுவே. கழகத்தின் முழுப்பெயரில் இன்றுவரை "படகுப் போட்டிக் கழகம்" என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1904இல் கான்டிடோ ஜோசே டி அரௌஜோ என்ற கலப்பினத்தவரை உறுப்பினர்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1888இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பதினாறே ஆண்டுகள் கழித்து ஒரு விளையாட்டுக் கழகத்தின் தலைமைப் பொறுப்பு அப்படிப்பட்ட ஒருவரிடம் வந்தது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

ரியோவுக்குக் கால்பந்து வந்தது வேறு வழியாக. ஐரோப்பாவில் படித்துவிட்டுத் திரும்பிய செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலேய நிறுவனங்களின் அதிகாரிகளும் கொண்டுவந்த விளையாட்டு அது. 1902இல் ஆஸ்கர் காக்ஸ் தொடங்கிய ஃப்ளுமினென்சே கழகம் அந்த உலகத்தின் முகம். பந்து, காலணி, உறுப்பினர் கட்டணம், ஆட்டத்துக்குப் பிறகு விருந்து என்று எல்லாமே வசதி படைத்தவர்களுக்கு ஏற்றபடி அமைந்திருந்தன. நகரின் ஓரத்தில் பாங்கூ என்ற ஊரில், துணி ஆலையைச் சார்ந்து உருவான கழகம் மட்டும் விதிவிலக்கு. அங்கே 1905இலேயே ஃபிரான்சிஸ்கோ கரெகால் என்ற கறுப்பினத் தொழிலாளி அணியில் ஆடினார். ஆகவே கறுப்பினத்தவரை முதன்முதலில் களமிறக்கியது வாஸ்கோதான் என்று சொல்பவர்கள் ஆர்வ மிகுதியில் சொல்கிறார்கள். வாஸ்கோ செய்தது வேறு: அவர்களை வைத்துக்கொண்டு வென்றது. தோற்கும் அணியில் யார் ஆடினாலும் கனவான்களுக்குக் கவலையில்லை.

அன்றைய கால்பந்தின் அடிப்படைச் சட்டம், ஆட்டக்காரர் காசு வாங்கக் கூடாது என்பது. கேட்பதற்கு உயர்ந்த இலட்சியமாகத் தோன்றும் இந்த விதி, நடைமுறையில் ஒரு சல்லடையாகவே வேலை செய்தது. பிழைப்புக்கு வேறு வருமானம் உள்ளவன் மட்டுமே காசில்லாமல் வாரந்தோறும் பயிற்சிக்கு வர முடியும். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன் பயிற்சிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியைக் கழகம் ஈடுகட்டினால் அவன் "காசுக்கு ஆடுபவன்" ஆகிவிடுவான். ஈடுகட்டாவிட்டால் வரவே மாட்டான். எந்தப் பக்கம் போனாலும் கதவு மூடியே இருக்கும்படி அமைந்த விதி அது.

வாஸ்கோ கால்பந்துக்கு வந்தது 1915இல், லுசிதானியா என்ற சிறிய போர்த்துகீசியக் கழகத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது. 1916 மே மாதம், மூன்றாம் பிரிவில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே 10-1 என்று தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகு போர்த்துகீசியக் கடைக்காரர்கள் யோசித்த விதம் முழுக்க முழுக்கக் கடைக்காரர்களின் யோசனை: நல்ல சரக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே போய் வாங்க வேண்டும். புறநகர்த் திடல்களில் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று தேடிப் போனார்கள். நிறத்தையோ குடும்பத்தையோ விசாரிக்கவில்லை. கிடைத்தவர்களைத் தங்கள் கடைகளில் ஊழியர்களாகப் பதிவு செய்தார்கள். ஏட்டின்படி அவர்கள் கடை ஊழியர்கள். உண்மையில் நாள் முழுவதும் பந்தோடு இருந்தார்கள்.

வெற்றிக்குப் பிறகு கையில் வைக்கப்படும் பணத்துக்கு ஒரு மறைமொழியும் உருவாயிற்று. ரியோவில் புழங்கிய விலங்குச் சூதாட்டத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண் உண்டு. அதையொட்டி, ஐந்து மில்ரெய்ஸ் (அன்றைய பிரேசில் பணம்) என்றால் நாய், பத்து என்றால் முயல், நூறு என்றால் பசு என்று பேசிக்கொண்டார்கள். "இன்றைக்கு ஒரு பசு கிடைத்தது" என்று ஓர் ஆட்டக்காரர் சொன்னால் அதில் சட்டவிரோதமாக எதையும் பிடிக்க முடியாது. விலங்கு என்று பொருள்படும் "பிஷு" என்ற சொல், வெற்றிக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை என்ற பொருளில் பிரேசில் கால்பந்தில் இன்றும் புழங்குகிறது. அதன் பிறப்பிடமாகப் பலரும் சுட்டுவது அன்றைய வாஸ்கோவைத்தான்.

1922இல் இரண்டாம் பிரிவை வென்று, 1923இல் வாஸ்கோ முதல் பிரிவுக்கு ஏறியது. பயிற்சியாளர் ரமோன் பிளாட்டேரோ உருகுவே நாட்டவர். மற்றக் கழகங்களில் ஆட்டக்காரர்கள் அலுவலகம் முடிந்து மாலையில் வந்து பந்து உதைத்துவிட்டுப் போன காலத்தில், இவர் தம் ஆட்களைக் காலையிலேயே எழுப்பிச் சாலையில் ஓடவிட்டார். முதல் பாதியில் பின்தங்கியிருந்த வாஸ்கோ இரண்டாம் பாதியில் எதிரணியைத் துரத்திப் பிடிப்பது அந்த ஆண்டு வாடிக்கையாயிற்று. கோல்கீப்பர் நெல்சன் த கொன்செய்சாவ் கறுப்பினத்தவர், வாடகைக் கார் ஓட்டுநர். நிகோலினோ துறைமுகத் தொழிலாளி. செசி சுவருக்கு வண்ணம் பூசுபவர். பொலாவ் லாரி ஓட்டுநர். இந்த அணிக்கு மக்கள் வைத்த பெயர் "கறுப்புச் சட்டைகள்". 14 ஆட்டங்களில் 11 வெற்றி, 2 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வி ஃப்ளமெங்கோவிடம் 3-2 என்ற கணக்கில். ஏறி வந்த முதல் ஆண்டிலேயே ரியோ நகரின் சாம்பியன் பட்டம் லாரி ஓட்டுநர்களிடமும் மூட்டை தூக்குபவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

அடுத்து நடந்தது விரைவாக நடந்தது. 1924இன் தொடக்கத்தில் ஃப்ளுமினென்சே, ஃப்ளமெங்கோ, பொடாஃபோகோ, அமெரிக்கா, பாங்கூ ஆகிய ஐந்து கழகங்கள் பழைய லீக்கை விட்டு வெளியேறி, அமெயா என்ற புதிய சங்கத்தை அமைத்தன. தலைவர் அர்னால்டோ கின்லே, ஃப்ளுமினென்சேயின் முன்னாள் தலைவர். சாண்டோஸ் துறைமுகத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்த ஐவர் பட்டியலில் பாங்கூவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பினத் தொழிலாளியை முதலில் ஆடவைத்த ஆலைக் கழகமே விலக்குபவர்களின் வரிசையில் நின்றது. கதையை வெள்ளை, கறுப்பு என்று இரண்டே வண்ணத்தில் தீட்ட முடியாமல் செய்யும் செய்தி இது.

சேர விரும்பிய கழகங்களின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் எங்கே வேலை செய்கிறார்கள், என்ன வருமானம், எப்படி வாழ்கிறார்கள் என்று புதிய சங்கம் விசாரித்தது. பிறரிடம் கைகட்டிப் பணி செய்யும் வேலைகள் சந்தேகத்துக்கு உரியவை ஆயின. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் தாளில் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெனால்டி பகுதியில் புலிபோல் பாயும் ஒருவர், மேசைமுன் பேனாவைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போவதைப் பார்க்க எதிரணி ஆட்களும் அதிகாரிகளும் சுற்றி நிற்பார்களாம். வாஸ்கோ கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தது. இத்தாலியக் குடும்பப் பெயரை எழுத முடியாமல் திணறிய ஒருவர், அதை "சில்வா" என்று மாற்றிக்கொண்டு தப்பித்தார் என்றும் சொல்வதுண்டு. அவர் வெள்ளையர். சல்லடையின் கண்கள் நிறத்தை மட்டும் அளக்கவில்லை, ஏழ்மையையும் சேர்த்தே அளந்தன என்பதற்கு அந்தச் சிறு கதை போதும்.

விசாரணையின் முடிவில், வாஸ்கோ சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்கியாக வேண்டும் என்று அமெயா சொன்னது. இதற்கு வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ ப்ரெஸ்தஸ் 1924 ஏப்ரல் 7 அன்று அனுப்பிய பதில்தான், கழகத்தின் ஆவணங்களில் 261ஆம் எண் கொண்ட கடிதம். "வரலாற்றுப் பதில்" என்று இன்று போற்றப்படுவது அது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அலுவலகக் கடிதம்தான் என்றாலும், ஒவ்வொரு வாக்கியமும் அளந்து எழுதப்பட்டது என்பதால் அதன் போக்கைச் சற்று நின்று பார்க்கலாம்.

முந்தைய நாள் கூட்டத்தில் எடுத்த முடிவுகளைப் பத்திரிகைகளில் பார்த்தோம் என்று கடிதம் தொடங்குகிறது. அந்த முடிவுகள் வாஸ்கோவைத் தாழ்ந்த நிலையில் வைக்கின்றன என்றும், அதற்கு எங்கள் மைதானத்தின் குறைகளோ எங்கள் அலுவலகத்தின் எளிமையோ எங்கள் உறுப்பினர்களில் பலருடைய சாதாரண வாழ்க்கை நிலையோ நியாயமாக ஆகாது என்றும் அடுத்துச் சொல்கிறது. எதிர்தரப்பு வெளிப்படையாகச் சொல்லாத காரணங்களை, "இவை காரணமாக முடியாது" என்று மறுக்கும் சாக்கில் ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்துவிடும் உத்தி இது. பிறகு அமெயாவை நிறுவிய ஐந்து கழகங்களுக்குத் தரப்பட்ட சலுகைகளையும் வாக்குரிமை ஏற்பாட்டையும் கண்டிக்கிறது. அதற்குப் பின்புதான் பன்னிரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுடைய சமூக நிலை விசாரிக்கப்பட்ட மன்றத்தில் அவர்களுக்காகப் பேச ஒருவரும் இல்லை, எதிர்வாதம் செய்ய வாய்ப்பும் இல்லை. ஆகவே அவர்களை நீக்கும் நிபந்தனையை ஏற்பதில்லை என்று நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவு செய்தது என்கிறது. இவர்கள் இளைஞர்கள், ஏறக்குறைய எல்லோரும் பிரேசிலியர்கள், வாழ்க்கையை இப்போதுதான் தொடங்குபவர்கள்; இவர்கள்மீது கறைபடியச் செய்யும் ஒரு பொதுச் செயல், இவர்களை வரவேற்ற வீட்டை நடத்துபவர்களின் ஒப்புதலோடு ஒருபோதும் நடக்காது, இவர்கள் புகழ் சேர்த்த கொடியின் கீழும் நடக்காது என்கிறது. கடைசியில், அமெயாவில் சேரும் எண்ணத்தைக் கைவிடுகிறோம் என்று வருத்தத்தோடு தெரிவித்து முடிகிறது.

கடிதம் முழுவதிலும் "கறுப்பர்" என்ற சொல்லோ "இனம்" என்ற சொல்லோ ஓரிடத்திலும் இல்லை. இதைக் காட்டி, இது நிறவெறிக்கு எதிரான கடிதமே இல்லை, பணக்காரக் கழகங்களுக்கும் வளரும் கழகத்துக்கும் இடையிலான அதிகாரப் போட்டி மட்டுமே என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பாதி உண்மை. வாக்குரிமை பற்றிய குறை கடிதத்தில் பன்னிரண்டு பேரைப் பற்றிய பேச்சுக்கு முன்பே வருவதும், கழகம் ஆட்டக்காரர்களுக்கு மறைவில் பணம் கொடுத்ததும் மறுக்க முடியாதவை. ஆனால் விதியை எழுதியவர்கள் சொல்லாமல் விட்ட சொல்லை, பதில் எழுதியவர் சொல்லவில்லை என்று குறை காண்பது சரியாகத் தோன்றவில்லை. அன்றைய ரியோவில் "சமூக நிலை" என்ற சொற்றொடர் யாரைக் குறித்தது என்பது எழுதியவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும். பிரச்சினையை விசாரணை முறையின் அநீதியாக முன்வைத்ததால்தான், எதிர்தரப்பால் "நாங்கள் நிறம் பார்க்கவில்லையே" என்று கைகழுவ முடியாமல் போயிற்று. அந்த வகையில் கடிதத்தின் மௌனத்தை அதன் திறமையாகவே நான் காண்கிறேன்.

பழைய லீக்கிலேயே தங்கிய வாஸ்கோ 1924இன் பட்டத்தையும் வென்றது. பெரிய கழகங்கள் இல்லாத லீக் என்பதால் அதன் மதிப்புக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1925இல் அமெயா வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது. மனமாற்றத்தைவிட நுழைவுச்சீட்டுக் கணக்கே இதற்குப் பெரிய காரணமாக இருந்திருக்கும்; ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எந்தச் சட்டையைப் பார்க்க வந்தது என்பதைப் பெட்டி நிரம்பும் அளவே காட்டிவிடும்.

ஆனால் தகுதியான மைதானம் இல்லை என்ற ஏளனம் தொடர்ந்தது. மொராய்ஸ் இ சில்வா தெருவிலிருந்த திடல் உண்மையிலேயே எளிமையானதுதான். இதற்கான பதிலைக் கழகம் கடிதமாக எழுதவில்லை, கட்டடமாக எழுப்பியது. சாவ் கிறிஸ்தோவாவ் பகுதியில் நிலம் வாங்கப்பட்டது. புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும் இயக்கம் நடந்தது. பெரிய வணிகரிலிருந்து ரொட்டிக்கடைப் பையன்வரை காசு கொடுத்தார்கள். 1926 ஜூன் 6இல் அடிக்கல் நாட்டப்பட்ட மைதானம் 1927 ஏப்ரல் 21 அன்று, ஓராண்டுகூட ஆகாமல், திறக்கப்பட்டது. நாட்டின் அதிபர் வாஷிங்டன் லூயிஸ் வந்திருந்தார். திறப்பு விழா ஆட்டத்தில் விருந்தினராக வந்த சாண்டோஸ் அணி 5-3 என்று வாஸ்கோவைத் தோற்கடித்தது; அதையும் மறைக்காமல் கழகம் இன்றுவரை சொல்லிக்கொள்கிறது. சாவ் ஜானுவாரியோ என்று அழைக்கப்படும் அந்த மைதானம் அன்று தென் அமெரிக்காவிலேயே பெரியது. 1950இல் மரக்கானா எழும்வரை ரியோவில் அதைவிடப் பெரிய அரங்கு இல்லை. மூன்றாண்டுகளுக்குமுன் மைதானம் சரியில்லை என்று மூக்கைச் சுளித்தவர்கள், பெரிய ஆட்டங்களுக்கு அங்கேதான் வந்தாக வேண்டியிருந்தது.

அவ்வளவு பெரிய கூட்டம் கூடும் இடத்தை அரசியல் கண்டுகொள்ளாமல் இருக்குமா? ஜெதூலியோ வர்காஸ் தம் ஆட்சிக் காலத்தில் மே தின உரைகளுக்கு அந்த மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார். 1940 மே 1 அன்று குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அங்கே அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நாளில் தொழிலாளர் நீதிமன்றங்கள் அங்கே தொடங்கிவைக்கப்பட்டன. இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் பல்லாயிரம் பள்ளிப் பிள்ளைகளை அந்தப் படிக்கட்டுகளில் நிறுத்தி ஒரே குரலில் பாடவைத்தார். தொழிலாளர்களை அணியில் வைத்ததற்காக விலக்கப்பட்ட ஒரு கழகத்தின் புல்வெளியில் தொழிலாளர் சட்டங்கள் அறிவிக்கப்பட்டன என்பது பொருத்தமாகத் தோன்றலாம். வர்காஸ் ஒரு சர்வாதிகாரி என்பதும், அந்தக் கூட்டங்கள் திட்டமிட்டுத் திரட்டப்பட்டவை என்பதும் அந்தப் பொருத்தத்தோடு சேர்த்தே படிக்க வேண்டியவை.

1933இல் ரியோ கால்பந்து, ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுப்பதை வெளிப்படையாக ஏற்றது. மறைமொழியில் பேசிய பசுவும் முயலும் கணக்குப் புத்தகத்துக்கு வந்தன. இதற்கு 1931இல் நடந்த ஒரு பயணமும் காரணம்: ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் சென்ற வாஸ்கோ அணியிலிருந்து, ஃபாஸ்டோ, கோல்கீப்பர் ஜகுவாரே ஆகிய இருவரைப் பார்சலோனா தன்னிடமே நிறுத்திக்கொண்டது. காசு கொடுக்காவிட்டால் ஆட்கள் கடல் கடந்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் உறைத்தது. 1934இல் வாஸ்கோ மீண்டும் பட்டம் வென்றபோது லியோனிதாஸும் டொமிங்கோஸ் த கியாவும் அந்த அணியில் இருந்தார்கள். இருவரும் கறுப்பினத்தவர், பின்னர் பிரேசிலின் பெரும் நாயகர்கள்.

கழகத்தின் பொற்காலம் 1940களின் நடுவில் தொடங்கியது. "வெற்றி விரைவுவண்டி" என்று அழைக்கப்பட்ட அந்த அணி 1945, 1947, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒரு தோல்விகூட இல்லாமல் ரியோ பட்டத்தை வென்றது. 1948இல் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில், தென் அமெரிக்க நாடுகளின் சாம்பியன் கழகங்கள் ஏழு மோதிய தொடரிலும் தோல்வி காணாமல் முதலிடம் பிடித்தது. தீர்மானகரமான ஆட்டத்தில் எதிரணி அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட். அதில் இளம் டி ஸ்தெஃபனோவும் இருந்தார். ரிவர் பிளேட்டின் லப்ருனா அடித்த பெனால்டியை வாஸ்கோவின் கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா தடுக்க, ஆட்டம் 0-0 என முடிந்து பட்டம் வாஸ்கோவுக்கு வந்தது. அந்தத் தொடரை நேரில் பார்த்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜாக் ஃபெரான், இதுபோன்ற ஒன்று ஐரோப்பாவுக்கும் வேண்டும் என்று எண்ணினார். 1955இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையின் வித்துகளில் அதுவும் ஒன்று.

இரண்டே ஆண்டுகளில் அதே பார்போசா நாட்டின் குற்றவாளி ஆனார். 1950 உலகக் கோப்பைக்கான பிரேசில் அணி ஏறத்தாழ வாஸ்கோவின் நிழல்தான். பயிற்சியாளர் ஃப்ளாவியோ கோஸ்டா, அணித்தலைவர் அகுஸ்தோ, டனிலோ, சிக்கோ, தொடரில் அதிகக் கோல் அடித்த அதெமிர் என எல்லோரும் வாஸ்கோக்காரர்கள். ஜூலை 16 அன்று மரக்கானாவில் சமநிலை கிடைத்திருந்தாலே கோப்பை பிரேசிலுக்கு. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது, வலப்புறத்திலிருந்து வந்த உருகுவேயின் கிக்ஜியா பந்தைக் குறுக்கே அனுப்புவார் என்று எதிர்பார்த்து ஓரடி நகர்ந்து நின்றார் பார்போசா. கிக்ஜியா நேரே கோலுக்கு அடித்தார். 2-1. பழி பார்போசா, பிகோடி, ஜுவெனால் ஆகிய மூவர்மேல் விழுந்தது. மூவரும் கறுப்பினத்தவர். 1923இல் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கோல்கம்பங்களுக்கு நடுவே நின்று பட்டம் வென்று காட்டியதற்குப் பிறகும், கறுப்பினக் கோல்கீப்பர்களை நம்ப முடியாது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. 2006இல் டிடா வரும்வரை, கறுப்பினத்தவர் ஒருவர் முதல்நிலைக் கோல்கீப்பராக உலகக் கோப்பைக்குப் போகவில்லை. பார்போசா பின்னாளில் அதே மரக்கானாவின் நிர்வாகத்தில் ஊழியராகவே காலம் கழித்தார். இந்த நாட்டில் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டு, நான் ஐம்பது ஆண்டு அனுபவிக்கிறேன் என்று முதுமையில் சொன்னார். அவர் இறந்தது 2000 ஏப்ரல் 7 அன்று. ப்ரெஸ்தஸ் கடிதம் எழுதிய அதே தேதி.

இதன் பிறகான நாற்பது ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1958இல் உலகக் கோப்பையைத் தலைக்குமேல் இரு கைகளாலும் தூக்கிக் காட்டும் பழக்கத்தைத் தொடங்கிவைத்த அணித்தலைவர் பெல்லினி வாஸ்கோவின் தடுப்பாட்டக்காரர். 1969 நவம்பர் 19 அன்று பெலே தம் ஆயிரமாவது கோலை அடித்தது வாஸ்கோவுக்கு எதிராகத்தான். கோல்கீப்பர் அந்திராடா பந்தைத் தொட்டும் தடுக்க முடியாமல் தரையில் குத்திய காட்சி இன்றும் உலவுகிறது. 1974இல் கழகம் முதல் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த அணியின் இளைஞர் ரொபர்டோ டினமிட்டி, தேசிய லீக்கில் 190 கோல்கள் அடித்து நிறுவிய சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. பின்னர் அவரே கழகத்தின் தலைவராகவும் இருந்து, 2023 ஜனவரியில் மறைந்தார்.

நூற்றாண்டு விழாவின் ஐந்தாம் நாள், 1998 ஆகஸ்ட் 26 அன்று, எக்வடோரின் பார்சலோனா கழகத்தை வென்று, தென் அமெரிக்கக் கழகங்களின் உச்சப் போட்டியான லிபர்ட்டடோரெஸ் கோப்பையை வாஸ்கோ கைப்பற்றியது. இவ்வளவு கச்சிதமாக நேரம் கூடிவந்ததை எந்தச் சோதிடரும் சொல்லியிருக்க மாட்டார். 2000 டிசம்பர் 20 அன்று, தென் அமெரிக்கக் கழகங்களின் மற்றொரு தொடரான மெர்கோசூர் கோப்பையின் இறுதியாட்டத்தில் பல்மெய்ராஸிடம் இடைவேளையில் 3-0 என்று பின்தங்கியிருந்த அணி, ரொமாரியோவின் மூன்று கோல்களோடு 4-3 என்று வென்றது. அதற்குப் பத்தே நாளில் அதே கழகத்தின் மற்றொரு முகம் தெரிந்தது. தேசிய இறுதியாட்டத்துக்காகச் சாவ் ஜானுவாரியோவில் அளவுக்கு மீறிக் கூட்டம் நெருக்க, வேலி சரிந்து 150க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஜனவரியில் மரக்கானாவில் மறுபடி நடத்தப்பட்ட ஆட்டத்தில் வாஸ்கோ சாவ் கயெட்டானோவை 3-1 என்று வென்று பட்டம் பெற்றாலும், கழகத்தை அன்று ஆட்டிப்படைத்த யூரிகோ மிராண்டாவின் நிர்வாகத்தைப் பற்றிய கேள்விகள் ஓயவில்லை.

அதன் விலை பின்னால் தெரிந்தது. 2008, 2013, 2015, 2020 என நான்கு முறை கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கடன் மலைபோல் குவிய, 2022இல் கால்பந்துப் பிரிவின் 70 விழுக்காட்டுப் பங்கை 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 70 கோடி ரெயாலுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2024 மே மாதம் நீதிமன்றம் அந்த நிறுவனத்திடமிருந்து கட்டுப்பாட்டைப் பறித்து, கழகத்திடமே திரும்பக் கொடுத்தது. ரொட்டிக்கடைப் பையன் கொடுத்த காசில் எழுந்த கழகம் அயல்நாட்டு முதலீட்டை நம்பிய அந்த ஆண்டுகளைப் பற்றி ஆதரவாளர்களிடம் இன்றும் ஒரே கருத்து இல்லை.

மைதானத்தைச் சுற்றியிருந்த இடம் இதற்குள் மாறியிருந்தது. மதிலுக்கு அப்பால் பாஹெய்ரா தோ வாஸ்கோ என்ற குடிசைப் பகுதி நெருக்கமாக வளர்ந்து நிற்கிறது. ஆட்ட நாளில் பானமும் வறுத்த இறைச்சியும் விற்றுப் பிழைக்கும் பலர் அங்கே வாழ்கிறார்கள். 2023 ஜூன் 22 அன்று கோயாஸ் அணியிடம் வாஸ்கோ 1-0 என்று தோற்றதும் ரசிகர்கள் கலவரத்தில் இறங்கினர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. தவறு ரசிகர்கள்மேல் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மைதானத்துக்குள் ரசிகர்களை அனுமதிக்கக் கூடாது என்ற தடையை ஆதரித்து நீதித்துறை ஆவணத்தில் எழுதப்பட்ட காரணங்களில், சுற்றியுள்ள தெருக்களின் குறுகலும், குடிசைப் பகுதியின் அண்மையும், அங்கே கேட்கும் துப்பாக்கிச் சத்தமும் இடம்பெற்றன. கழகம் உடனே 1924ஐ நினைவுபடுத்தியது. இந்த முறையும் எழுத்தில் யாருடைய நிறமும் இல்லை, யாருடைய வருமானமும் இல்லை. தெருவின் அகலம் மட்டுமே இருந்தது.

ஏறத்தாழ மூன்று மாதம் காலி இருக்கைகளின் முன்னும் வேறு ஊர் மைதானங்களிலும் ஆடிய பிறகு, செப்டம்பர் 21 அன்று சாவ் ஜானுவாரியோவின் வாயில்கள் திறந்தன. எதிரணி குரிட்டிபா. வாஸ்கோ 5-1 என்று வென்றது. வெளியே தெருவோர வண்டிகளில் அடுப்புகள் மீண்டும் பற்றவைக்கப்பட்டிருந்தன.